அரிய சோல் 45 தட்டுகள்: தேடுவது, படிப்பது, வாங்குவது, காப்பது

1966-இல் டெட்ராய்ட் நகரத்தின் ரெவிலாட் என்ற சின்ன நிறுவனம் ஒரு சிங்கிள் தட்டு வெளியிட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டு, அதனால்தான் '45' என்பார்கள். பாடியவர் டேரல் பேங்க்ஸ், பாட்டு 'ஓபன் த டோர் டு யுவர் ஹார்ட்'. கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த சோல் இசை வகை. அமெரிக்காவில் நன்றாக ஓடியது. ஓடியதால் நிறைய அச்சானது, நிறைய அச்சானதால் இன்றும் அந்த ரெவிலாட் தட்டு பெரிய அலைச்சல் இல்லாமல் கிடைக்கும். நல்ல ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் காசு போதும்.

அதே ஆண்டு பிரிட்டனில் லண்டன் என்ற லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனப் பெயரை இப்படிச் சொல்வார்கள்) அதே பாட்டை அச்சிட்டது. உரிமை வேறு கைக்குப் போனதால் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு அங்கே பாட்டு வெளிவந்தது ஸ்டேட்சைட் லேபிளில். லண்டன் லேபிளில் ரேடியோவுக்கு அனுப்பும் மாதிரித் தட்டுகள் சில தப்பியது எல்லோருக்கும் தெரியும். கடைக்காக அச்சிட்ட தட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் பல காலம் நம்பினார்கள். சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஒன்று வெளியே வந்தது. ஏலத்தில் 14,000 பவுண்டுக்கு மேல் போனது.

இரண்டிலும் அதே குரல், அதே வாத்தியம், அதே பதிவு. அரிய சோல் தட்டு சேகரிக்க நினைப்பவர்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். இங்கே பணம் பாட்டுக்குப் போவதில்லை, அந்தக் குறிப்பிட்ட தட்டு பிறந்த கதைக்குப் போகிறது. பாட்டு மட்டும் போதுமா, கதையும் வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் தெரிந்து முடிவெடுத்தால் குறைந்த பணத்தில் அருமையான பெட்டி ஒன்று சேர்ந்துவிடும். தெரியாமல் இறங்கினால் திருட்டுப் பதிப்பை அசல் விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு ஏமாந்து நிற்க வேண்டிவரும். நானும் அப்படி நின்றிருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன்.

ஏன் இவை அரிதாயின?

1960-களின் நடுவில் மோடவுன் நிறுவனம் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. பெர்ரி கோர்டி 1959-இல் டெட்ராய்டில் தொடங்கிய கம்பெனி அது. அதைப் பார்த்து அமெரிக்காவின் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சலூன்காரர், ஒரு ரேடியோ அறிவிப்பாளர், ஒரு மளிகைக் கடைக்காரர் என்று யார் யாரோ லேபிள் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பாடகரை அழைத்து, ஒரு மத்தியானத்தில் இரண்டு பாட்டைப் பதிவு செய்து, ஐந்நூறோ ஆயிரமோ அச்சிட்டு, காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு ரேடியோ நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார்கள். ரேடியோ போடவில்லை என்றால் அத்தோடு முடிந்தது. மிச்சத் தட்டுகள் கிடங்கில் தூங்கின, அல்லது மொத்தமாகத் தள்ளுபடிக்குப் போயின. பாடியவர் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினார்.

அப்படித் தோற்றுப்போன தட்டுகளைக் காப்பாற்றியது, யாரும் எதிர்பாராத ஓர் இடம்: வட இங்கிலாந்து. மான்செஸ்டரில் 1963-இல் தொடங்கிய ட்விஸ்டட் வீல் கிளப்பில் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் விடிய விடிய வேகமான அமெரிக்க சோல் பாட்டுக்கு ஆடினார்கள். 1970 வாக்கில் அமெரிக்காவில் ரசனை, தாளம் முன்னால் நிற்கும் ஃபங்க் இசையின் பக்கம் திரும்பிவிட்டது. இவர்கள் திரும்பவில்லை. 1965, 66 பாணியே வேண்டும் என்று நின்றார்கள். புதிதாக யாரும் அப்படிப் பாடாததால், அந்தக் காலத்தில் வெளிவந்து யாரும் கேட்காமல் போன தட்டுகளைத் தோண்ட ஆரம்பித்தார்கள். லண்டனில் சோல் சிட்டி என்ற தட்டுக்கடை நடத்திய டேவ் காடின் இந்த வடநாட்டு ரசனைக்கு 'நார்தர்ன் சோல்' என்று பேர் வைத்தார். பிறகு விகன் கேசினோ வந்தது. 1973 செப்டம்பரில் திறந்து 1981 டிசம்பரில் மூடும்வரை, அங்கே ஒரு டீஜே கையில் வேறு யாரிடமும் இல்லாத தட்டு இருந்தால் அவர்தான் ராஜா.

அந்தப் போட்டியில்தான் விலை ஏறியது. டீஜேக்கள் தட்டின் நடுவிலுள்ள பெயர்த்தாளின் (அதையும் லேபிள் என்பார்கள்) மேல் காகிதம் ஒட்டி மறைத்து, பாடகருக்குப் பொய்ப் பெயர் வைத்து ஒலிபரப்பினார்கள். சேகரிப்பாளர்கள் இதைக் 'கவர் அப்' என்பார்கள். ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' முதலில் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் அங்கே ஓடியது. 1965 கடைசியில் மோடவுனின் 'சோல்' என்ற கிளை லேபிளுக்காக அதில் சுமார் 250 மாதிரித் தட்டுகள் அச்சாகின, ஏறக்குறைய எல்லாமே அழிக்கப்பட்டன. வில்சன் பாடகராவதைவிடத் தயாரிப்பாளராக இருப்பதையே தேர்ந்தார் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. தப்பிய ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு விற்றது.

மனம் தளர வேண்டாம். அதே பாட்டை 1979-இல் பிரிட்டனின் டாம்லா மோடவுன் லேபிளே முறைப்படி வெளியிட்டது. அந்தத் தட்டு சாதாரண மனிதர் கைக்கு எட்டுகிற விலைதான்.

முதல் படி: ஒரு மூலையைப் பிடியுங்கள்

சோல் என்பது கடல். எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்பியவர்கள் இரண்டு வருடத்தில் களைத்துப்போய் மொத்தமாக விற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஊர், ஒரு லேபிள், அல்லது ஒரு பாணி என்று தொடங்குங்கள்.

டெட்ராய்ட் பிடித்திருந்தால் ரிக் டிக், கோல்டன் வேர்ல்ட் லேபிள்களிலிருந்து தொடங்கலாம். எட் விங்கேட் என்பவருடையவை. மோடவுனில் சம்பளத்துக்கு வாசித்த அதே ஃபங்க் பிரதர்ஸ் குழுவினர் கம்பெனிக்குத் தெரியாமல் இங்கேயும் வந்து வாசித்தார்கள். அதனால் மோடவுன் ஒலி அப்படியே இருக்கும், ஆனால் கொஞ்சம் முரடாக. எட்வின் ஸ்டார் வெளிச்சத்துக்கு வந்தது ரிக் டிக்கில்தான். போட்டி பொறுக்காமல் கோர்டி கடைசியில் அந்த நிறுவனங்களையே வாங்கிப் போட்டார். ரிக் டிக்கில் எளிதாகக் கிடைக்கும் தட்டும் உண்டு, வருடக்கணக்கில் தேட வைக்கும் தட்டும் உண்டு. கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

சிகாகோ வேண்டுமென்றால் ஓகே லேபிள். மேஜர் லான்ஸ் பாட, கர்ட்டிஸ் மேஃபீல்ட் எழுதிய பாட்டுகள். ஆடும் வேகத்தைவிட அழுகையே வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கு இருக்கிறது. மெம்ஃபிஸின் கோல்ட்வாக்ஸ் லேபிளில் ஜேம்ஸ் கார் பாடியதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு வேறு எதையும் கேட்க எனக்கு மனம் வருவதில்லை. மெதுவான காதல் பாட்டுகளுக்கென்றே தனி உலகமும் உண்டு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகிறார்கள். நார்தர்ன் கூட்டம் கண்டுகொள்ளாத தட்டுக்கு அங்கே கடும் கிராக்கி இருக்கும்.

மூலையைத் தேர்ந்த பிறகு ஆறு மாதம் கேட்க மட்டும் செய்யுங்கள். லண்டனின் கென்ட் லேபிள் 1982-லிருந்து தொகுப்புகள் வெளியிடுகிறது. மூலப் பதிவு நாடாக்களைத் தேடி எடுத்து, பாடியவருக்குப் பணம் போய்ச்சேரும்படி செய்யும் நிறுவனம். சிகாகோவின் நியூமரோ குழு 2003-இல் தொடங்கியது. ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் கேப்சோல் போன்ற குட்டி லேபிள்களின் முழு வரலாற்றையும் தோண்டி எடுத்துத் தந்திருக்கிறார்கள். இந்தத் தொகுப்புகளோடு வரும் கையேடுகளை வரி விடாமல் படியுங்கள். பாட்டு எழுதியவர், தயாரித்தவர், வாத்திய ஏற்பாடு செய்தவர் பெயர்களைக் குறித்து வையுங்கள். பின்னாளில், கேள்விப்படாத ஒரு லேபிளில் கேள்விப்படாத ஒரு பாடகர் தட்டு கைக்கு வரும்போது, அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சின்ன எழுத்துப் பெயர்தான் 'வாங்கு' என்று சொல்லும்.

இரண்டாம் படி: தட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். இது வராவிட்டால் பணம் போகும்.

பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் ஒரு வெற்று வளையம் இருக்கிறதல்லவா, அதை 'டெட் வாக்ஸ்' என்பார்கள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்களும் எழுத்துகளும் தெரியும். சில கையால் கீறியவை, சில எந்திரத்தால் முத்திரை குத்தியவை. எந்த ஊரில் மூலத் தட்டை வெட்டினார்கள், எந்த ஆலையில் அச்சிட்டார்கள், ஏறத்தாழ எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சான தட்டில் ஒரு சின்ன முக்கோணமும் பக்கத்தில் ஓர் எண்ணும் கீறியிருக்கும். சேகரிப்பாளர்கள் இதை 'டெல்டா எண்' என்பார்கள். வேலை வர வர அந்த எண் ஏறிக்கொண்டே போனதால், தேதி தெரிந்த வேறொரு தட்டோடு ஒப்பிட்டு எப்போது அச்சானது என்று கணிக்கலாம். நியூயார்க்கின் பெல் சவுண்டில் வெட்டியவற்றில் அந்தப் பெயரே முத்திரையாக இருக்கும். தெற்கத்தித் தட்டுகளில் 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' முத்திரையை அடிக்கடி பார்க்கலாம். ஆர்சிஏ ஆலை வெளி லேபிள்களுக்கு அச்சிட்ட தட்டுகளில் எண்ணுக்கு முன்னால் வரும் முதல் எழுத்தே ஆண்டைச் சொல்லும்: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யு என்றால் 1967. லேபிளில் ஆண்டே போடாத ஒரு குட்டித் தட்டில் இந்த ஓர் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சியைச் சொல்லி விளக்க முடியாது.

அடுத்தது பொருள். 45 தட்டு எல்லாமே வினைல் என்று நினைப்போம். அப்படியில்லை. அமெரிக்காவில் பல ஆலைகள், மோனார்க் உட்பட, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்திச் செய்தன. ஸ்டைரீன் தட்டு எடை குறைவு, வளைந்து கொடுக்காது. லேபிள் பெரும்பாலும் பிறகு ஒட்டியதாக இருக்கும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்த்தே அழுத்தப்பட்டிருக்கும். நடுத்துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, நகத்தால் ஓரத்தை மெல்லத் தட்டுங்கள். வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் 'டிக்' என்று கூர்மையாக ஒலிக்கும். வளைத்துப் பார்க்கவே கூடாது. ஸ்டைரீன் உடைந்துவிடும்.

ஏன் இவ்வளவு விவரம்? 1970-களில் கிராக்கி ஏறியதும் திருட்டுப் பதிப்புகள் வந்தன. 'பூட்லெக்' என்பார்கள். அசல் தட்டையே பார்த்து லேபிளை நகலெடுத்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சிட்டார்கள். சில இன்றைக்கு ஐம்பது வயதான தட்டுகள். பழசாகத் தெரிவதால் மட்டும் அசல் என்று முடிவு கட்டக் கூடாது. அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்தது என்று தெரிந்த பாட்டு வினைலில் கையில் இருந்தால், அது போலி, பேச்சுக்கே இடமில்லை. அசலில் முத்திரை குத்திய எண் இருக்க, உங்கள் கையிலிருப்பதில் நடுங்கும் கைக் கீறல் இருந்தால் சந்தேகப்படுங்கள். லேபிள் எழுத்தின் ஓரங்கள் மங்கியிருந்தால், கோடுகள் உடைந்திருந்தால், அது லேபிளைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்டதன் அடையாளம்.

எதிர்ப் பக்கமும் உண்டு. அமெரிக்கா பெரிய நாடு என்பதால் ஒரே தட்டு ஒரே மாதத்தில் கிழக்கே ஓர் ஆலையிலும் மேற்கே ஓர் ஆலையிலும் அச்சாவது சகஜம். கிழக்கில் வினைல், மேற்கில் ஸ்டைரீன், எழுத்துருவும் வேறு. இரண்டும் அசல்தான். அதனால் வேறுபாடு கண்டதும் போலி என்று சத்தம் போடாமல், அந்தப் பாட்டுக்கு எத்தனை அசல் அச்சுகள் தெரிந்திருக்கின்றன என்று டிஸ்காக்ஸ், 45கேட் தளங்களில் படங்களோடு ஒப்பிடுங்கள்.

இப்போது என் கதை. சேகரிக்கத் தொடங்கிய இரண்டாவது ஆண்டில் ஒரு சிகாகோ தட்டை நிறையப் பணம் கொடுத்து வாங்கினேன். விற்றவர் அனுப்பிய படத்தில் லேபிள் அழகாக, புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. டெட் வாக்ஸ் படம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தட்டு வந்தது. கையில் எடுத்தபோதே கனமாக இருந்தது. அசல் ஸ்டைரீன், இது தடித்த வினைல். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இலக்கம் கீறியிருந்தது. திருப்பி அனுப்பக் கேட்டபோது பதிலே வரவில்லை. அன்றிலிருந்து, டெட் வாக்ஸ் படம் இரண்டு பக்கத்துக்கும் தராதவரிடம் நான் வாங்குவதில்லை. எவ்வளவு ஆசைப்பட்ட தட்டாக இருந்தாலும் சரி.

மாதிரித் தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேடியோ நிலையங்களுக்கு இலவசமாகத் தந்தவற்றை 'டெமோ' அல்லது 'புரோமோ' என்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் வெள்ளை லேபிள், 'விற்பனைக்கு அல்ல' என்ற வாசகம். பிரிட்டனில் லேபிள் மேல் பெரிய ஏ எழுத்து. பொதுவாக டெமோதான் அரிது, விலையும் கூடுதல். ஆனால் பாட்டு ஓடவே இல்லை என்றால் கதை தலைகீழாகும். ரேடியோவுக்கு ஐந்நூறு போயிருக்கும், கடைக்கு அச்சிடவே இல்லை, அல்லது அச்சிட்டது கிடங்கைத் தாண்டவில்லை. அப்போது கடைத் தட்டுதான் அரிது. டேரல் பேங்க்ஸ் லண்டன் தட்டில் காரணம் வேறு, ஆனால் அங்கேயும் கடைத் தட்டுதான் அரிது.

மூன்றாம் படி: தரம் பார்ப்பது

விற்பவர்கள் சொல்லும் தரக் குறியீடு இரண்டு வகை. அமெரிக்கர்கள் கோல்ட்மைன் இதழின் முறையைப் பின்பற்றுவார்கள்: மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), குட். பிரிட்டிஷ்காரர்கள் நியர் மின்ட்டுக்குப் பதில் எக்ஸலன்ட் என்பார்கள். கோல்ட்மைன் கணக்குப்படி விஜி பிளஸ் தட்டு நியர் மின்ட்டின் பாதி விலை, விஜி கால் பங்கு. 'குட்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது நடைமுறையில் மோசமான தட்டு.

சோல் தட்டுகள் வீட்டு விருந்துகளில் அடிபட்டவை. மின்ட் கிடைக்கும் என்று காத்திருந்தால் பல பாட்டுகள் வாழ்நாளில் கிடைக்காது. நன்றாக ஒலிக்கும் விஜி பிளஸ் எனக்குப் போதும். பார்வைக்குக் கீறல் நிறைந்த வினைல் பல நேரம் அழகாக ஒலிக்கும். ஸ்டைரீன் இதற்கு நேர்மாறு. பளபளப்பாக இருக்கும், ஊசி வைத்ததும் 'ஸ்ஸ்' என்று பின்னணியில் மணல் உரசுவது போலக் கேட்கும். தேய்ந்த ஊசி, பாட்டு பதிந்த வரிப்பள்ளங்களைச் சாம்பல் நிறமாக்கியிருக்கும், அது துடைத்தால் போகாது. தொடக்கத்தில் மட்டும் அந்த உரசல் இருந்தால் அது 'க்யூ பர்ன்'. ரேடியோவிலும் கிளப்பிலும் பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்கத் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்ததால் வந்தது. டெமோக்களில் மிக அதிகம். எனவே ஸ்டைரீன் தட்டு வாங்கும்போது படத்தை மட்டும் நம்பாமல், முதல் முப்பது விநாடி ஒலித்துணுக்கு கேளுங்கள்.

லேபிளில் பேனா எழுத்து, ரேடியோ நிலையத்தின் முத்திரை, ஒட்டுத்தாள், தள்ளுபடிக்காகத் துளைத்த ஓட்டை எல்லாம் விலையைக் குறைக்கும். எனக்கு இவை குறையாகவே படுவதில்லை. என்னிடம் இருக்கும் ஒரு தட்டில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் விருந்துக்குத் தட்டு கொண்டுபோனால் திரும்பி வர வேண்டும் என்று பெயர் எழுதுவார்கள். அவர் கையெழுத்து இருப்பதாலேயே அந்தத் தட்டு எனக்குப் பாதி விலைக்குக் கிடைத்தது. அதை நான் மாற்றப்போவதில்லை.

விரிசல் மட்டும் வேண்டவே வேண்டாம். நடுத்துளையில் தொடங்கும் மயிரிழை விரிசல்கூடப் பரவும்.

நான்காம் படி: எங்கே, எப்படி வாங்குவது

டிஸ்காக்ஸில் ஆசைப் பட்டியல் போட்டு வைத்தால் தட்டு விற்பனைக்கு வந்ததும் தகவல் வரும். அங்கே விற்பனை வரலாறு இருக்கிறது. ஆனால் சராசரி விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூட்லெக் விற்றதும் கீறல் விழுந்த தட்டு விற்றதும் சில நேரம் அசலின் கணக்கில் கலந்திருக்கும். பழைய ஏல முடிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் பாப்சைக் தளத்தில் படங்களோடு பார்ப்பது இன்னும் தெளிவு. இங்கிலாந்தில் சோல் தட்டுகளுக்கென்றே இருக்கும் வியாபாரிகள் விலை கூடுதலாகச் சொல்வார்கள், ஆனால் அசல் என்று உறுதி தருவார்கள், தவறினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கில் செலவிடும்போது அந்த உறுதிக்காகக் கூடுதல் பணம் தருவது நியாயம்.

ஏலத்தில் இறங்கும் முன் உச்ச விலையை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் வையுங்கள். கடைசி நொடியில் அந்த எண்ணை ஒரு முறை மட்டும் போடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு, இன்னும் ஐந்து பவுண்டுதானே என்று தொடங்கியவை எங்கே போய் முடியும் என்று ஏலத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நல்ல தட்டுகள் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் மனிதர்களிடமிருந்து. சோல் இரவுகளில் நடன அரங்கின் ஓரத்தில் விற்பவர்கள் மேசை போட்டுப் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். லண்டனின் 100 கிளப் போன்ற இடங்களில் இது பல பத்தாண்டுப் பழக்கம். பெட்டியில் ஒவ்வொரு தட்டாகத் தள்ளிப் பாருங்கள், கேட்டுக் கேட்டு எடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் தான் பதினாறு வயதில் ஆடிய பாட்டைப் பற்றி உங்களிடம் அரை மணி நேரம் பேசுவார், அதோடு தன் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டுவார். அந்தத் தலைமுறை இப்போது தங்கள் சேகரிப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. ஆசையோடு வருபவரிடம் தரவே அவர்கள் விரும்புவார்கள்.

பின்பக்கத்தைக் கேட்காமல் எந்தத் தட்டையும் ஒதுக்காதீர்கள். குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெய்ன்டட் லவ்' 1965-இல் சாம்பியன் லேபிளில் பின்பக்கமாகத்தான் வந்தது. முன்பக்கப் பாட்டு ஓடவில்லை, தட்டும் மறந்துபோனது. வட இங்கிலாந்து டீஜேக்கள் திருப்பிப் போட்டார்கள். 1981-இல் சாஃப்ட் செல் குழு அதை மறுபடி பாடி உலகெங்கும் புகழ் வாங்கியது அதற்குப் பிறகு நடந்த கதை.

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரவழைப்பவர்கள் தபால் செலவையும் சுங்க வரியையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஒரே விற்பவரிடம் நான்கைந்தாக வாங்கினால் தபால் செலவு தாங்கும். தட்டின் இரு பக்கமும் கெட்டி அட்டை வைக்கச் சொல்லுங்கள், 'ஸ்டைரீன், கவனம்' என்று நீங்களே நினைவூட்டுங்கள்.

ஐந்தாம் படி: வந்த பிறகு

பார்சலை உடனே திறக்க வேண்டாம். குளிர்ந்த விமானச் சரக்கிலிருந்தோ கொதிக்கும் தபால் வண்டியிலிருந்தோ வந்திருக்கும். சில மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறங்கள். முதலில் டெட் வாக்ஸைப் பார்த்து விற்பவர் அனுப்பிய படத்தோடு ஒப்பிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பிறகுதான் ஊசி.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி, மென்மையான துணி. வரியின் வட்டத்தோடு துடைத்து, வெறும் வடித்த நீரில் மறுபடி துடையுங்கள். லேபிளில் ஈரம் படவே கூடாது. ஸ்டைரீனிலும், வண்ணம் பூசிய லேபிளிலும் ஆல்கஹால் கலந்த திரவங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

45 தட்டின் பெரிய துளைக்கு நடுவில் வைக்கும் அடாப்டர் வேண்டும். பிரிட்டிஷ் தட்டுகளில் நடுவில் சின்னத் துளையோடு ஒரு தகடு இருக்கும். ஜூக் பாக்ஸுக்காக அதை உடைத்தெடுத்திருந்தால் விலை குறையும், வாங்கும் முன் கேளுங்கள். இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. உங்கள் ஆம்ப்ளிபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், கீறல் சத்தத்தில் கணிசமான பங்கு அப்படியே மறையும். தேய்ந்த ஊசியை ஸ்டைரீன் மேல் வைப்பது தட்டைக் கொல்வதற்குச் சமம். ஊசி எப்போது மாற்றினீர்கள் என்பதை எழுதி வையுங்கள். கையால் பின்னோக்கித் தேய்த்து விளையாட வேண்டாம்.

தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், சாய்க்காமல், இறுக்காமல். நம் ஊரில் எதிரிகள் வெயிலும் ஈரமும். சித்திரை மாதத்தில் காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் வினைல் கிண்ணமாகிவிடும். மழைக்காலத்தில் காகித உறையில் பூஞ்சை பிடிக்கும். புதுக் காகித உறை, அதன் மேல் பாலித்தீன் உறை போதும். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் தட்டின் மேல் பனி படர்ந்தது போல் கறை விடும். பழைய லேபிள் உறையில் கம்பெனி சின்னம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், தனியாக வையுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். பாடகர், லேபிள், எண், டெட் வாக்ஸில் இருப்பது ஓர் எழுத்து விடாமல், வினைலா ஸ்டைரீனா, எங்கே யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எந்தப் பக்கம் எங்கே சத்தம் வருகிறது. நான் கடைசிப் பத்தியில் இன்னொன்றும் எழுதுவேன்: பாடியவரைப் பற்றி அன்றுவரை தெரிந்தது. பல தட்டுகளுக்கு அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஒரு தட்டு மட்டும் பாடி, பிறகு சுவடே இல்லாமல் போனவர்கள். எப்போதாவது ஒரு மறுபதிப்பின் கையேட்டில் அந்தப் பெயரும் ஒரு புகைப்படமும் வந்திருக்கும். அன்றைக்கு இரவு நோட்டை எடுத்து அந்த இடத்தை நிரப்புவேன், தட்டை இன்னொரு முறை போட்டுக் கேட்பேன்.